பாக்கியத்தின் காலும் உன் நைனாவின் வாக்கும்

மகனே, சாப்பிட்டு முடித்துவிட்டு இதைப் படி. பாதியில் கோபம் வந்து தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால் வருத்தப்படப் போவது சமைத்த உன் பெண்டாட்டிதான், நான் இல்லை. நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நேரில் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு தெருவுக்குப் போன ஆள் நீ. காகிதத்தை விட்டு எழுந்து போனாலும் அது அங்கேயே கிடக்கும். கோபம் ஆறியதும் வந்து மிச்சத்தைப் படிக்கலாம். கல்மண்டபத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் ஒரு தபால்காரர் இருப்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த செல்லையா, நீ நினைத்ததுபோல் வழி தவறி வந்தவர் இல்லை. நான் சொல்லித்தான் வந்தார். தூத்துக்குடிக்காரர், பிராட்வேயில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஏஜெண்டு, உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். நீ சொந்தமாக ஆறு ஆட்களை வைத்துக்கொண்டு, மூன்று மரக்கால்களை முக்காலிபோல் நட்டு, சங்கிலிக் கப்பி போட்டு, கம்பெனிகளுக்கு இயந்திரம் ஏற்றி இறக்கும் வேலையை ஆரம்பிக்கப் போகிறாய் என்று நான்தான் பெருமையாக அவரிடம் சொன்னேன். அவர் என்ன சொன்னார்? நீ வேலை செய்யும்போது வழியில் போகிற யாருக்காவது அடிபட்டோ, அடுத்தவர் பொருள் நொறுங்கியோ, நீ நஷ்ட ஈடு கொடுக்க வேண்டி வந்தால் கம்பெனி கொடுக்கும், அதற்கு வருஷத்துக்கு இவ்வளவு கட்ட வேண்டும் என்றார். அவ்வளவுதான். உன் சொத்தையா கேட்டார்? ஒரு வேலையின் கூலியில் பாதிகூட வராத தொகை. அதற்கு நீ சிரித்தாய். "என் கைல இதுவரிக்கும் ஒரு கொக்கி நழுவினது கெடையாது சார். ஆவாததுக்கு இப்பவே துட்டு கட்ட நா இன்னா பைத்தியமா?" என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் ஏதோ வயசுத் திமிர் என்று விட்டிருப்பேன். நீ நிறுத்தவில்லை. உன் நைனாவைக் காட்டி, "தோ கீறாரே, இவுரு கைல ஒரு பொம்பளைக்குக் கால் போச்சு. பத்து வருசம் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டாரு. எந்தக் கம்பெனி சார் போடும்? மனுசன் வாக்கு கீதே, அதான் இன்ஷூரன்ஸ்" என்றாய். உன் நைனா மீசையைத் தடவிக்கொண்டார். செல்லையா எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். நான் உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். எதற்கு அந்தச் சத்தம் என்று உங்கள் இரண்டு பேரில் ஒருவராவது கேட்டீர்களா?

நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும் அந்தக் கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். அது ஆம்பிளைகள் டீக்கடையில் சொல்லிக்கொள்ளும் பாதி. மிச்சப் பாதி நம் வீட்டு வாசற்படியில் நடந்தது. அங்கே நின்றவள் நான். உன் நைனா இப்போது என் எதிரில்தான் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருக்கிறார். "இன்னா எயுதுற?" என்று கேட்டார். "உங்க கதய" என்றேன். மீசைக்குக் கை போயிற்று. இரு, பார்க்கலாம்.

அது யுத்தம் முடிந்து, வெளிநாட்டிலிருந்து மறுபடியும் இயந்திரங்கள் கப்பலில் வர ஆரம்பித்திருந்த சமயம். துறைமுகத்துக்குள் கிரேன் இருந்தது. துறைமுக வாசலைத் தாண்டிவிட்டால் மனிதத் தோளும் உன் நைனாவின் சங்கிலிக் கப்பியும்தான். மீன் வந்து இறங்கும் கரைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு ஐஸ் பாக்டரிக்கு ஒரு என்ஜின் வந்தது. அதற்கு ஆள் உயரத்தில் ஒரு இரும்புச் சக்கரம். பாக்டரி வாசல் குறுகல், லாரி உள்ளே போகாது. அதனால் தெருவிலேயே மூன்று காலையும் நட்டு, சக்கரத்தை லாரியிலிருந்து தூக்கி, உருட்டுக் கட்டைகள் மேல் இறக்கி, உள்ளே தள்ளிக்கொண்டு போக வேண்டும். நான் அன்றைக்குச் சோறு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தெருவின் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி, யாரும் கிட்டே வராமல் கயிறு பிடிக்கச் சொல்லியிருந்தார் உன் நைனா. காலையில் சங்கிலியை வளையம் வளையமாகக் கையால் உருவிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் அஜாக்கிரதையான ஆள் இல்லை. குடிக்கவில்லை, அவசரப்படவில்லை. நீ எதையெல்லாம் செய்ய மாட்டேன் என்று மார்தட்டுகிறாயோ, அதில் ஒன்றைக்கூட அவரும் செய்யவில்லை.

சக்கரம் மேலே எழும்பி, லாரி நகர்ந்த பிறகு, சங்கிலியில் ஒரு வளையம் விட்டுப்போயிற்று. பட்டாசு மாதிரி ஒரு சத்தம். சக்கரம் நேராக விழுந்திருந்தால் தரை பள்ளமாகியிருக்கும், அதோடு போயிருக்கும். அது விளிம்பில் விழுந்து நிமிர்ந்து உருண்டது. கயிறு பிடித்தவன் கத்தினான். எல்லோரும் சிதறினார்கள். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வந்தவளுக்குக் கூடையைப் போடுவதா ஓடுவதா என்று ஒரு நொடி ஆகிவிட்டது. சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அவள் கால் மாட்டிக்கொண்டது. அவள்தான் பாக்கியம். நீ அத்தை என்று கூப்பிட்டாயே, அந்தப் பாக்கியம். அன்றைக்குவரை அவள் பேர்கூட எங்களுக்குத் தெரியாது. கட்டுமரத்தில் போன புருஷன் திரும்பாமல், ஏழு வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு மீன் விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தவள். பிறகு உன் நைனா அந்த உடைந்த வளையத்தைக் கொண்டுவந்து காட்டினார். வெளியே பளபளவென்று இருந்தது. உடைந்த முகத்தில், உள்ளுக்குள், பழைய துரு. அந்த விரிசல் எத்தனை காலமாக உள்ளே இருந்ததோ. கையால் உருவிப் பார்த்தால் அது எப்படித் தெரியும்?

பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போலீஸ்காரர் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். பாக்டரி முதலாளி, "காண்ட்ராக்டு வேலை, மேஸ்திரி பாடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பாக்கியத்தின் அண்ணன் தம்பிகள் நாலு பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் நைனாவைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் கையில் துடுப்புக் கட்டை. அப்போதுதான் உன் நைனா அந்தப் பெண் குழந்தை ஸ்டெல்லாவின் தலையில் கையை வைத்து, "நா உசுரோட கீற வரிக்கும் இந்தக் குடும்பம் என் குடும்பம்" என்றார். துடுப்புக் கட்டை கீழே விழுந்தது. அடிக்க வந்தவனே கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். இப்படிப்பட்ட மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று நெஞ்சு விம்மியது. நீ சொல்லும் கதை இங்கே முடிந்துவிடுகிறது. முடிந்துவிட்டிருந்தால் நானும் மீசையைத் தடவும் உன் நைனாவைப் பார்த்துச் சிரித்திருப்பேன்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சனிக்கிழமை கூலி வாங்கியதும் அவர் நேராகப் பாக்கியத்தின் குடிசைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். பண்டிகைக்கு உனக்குச் சட்டை எடுத்தால் ஸ்டெல்லாவுக்கும் பாவாடை எடுப்போம். எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் கொடுக்கிற கைக்கு மெல்ல மெல்ல ஒரு குணம் வந்துவிடும், மகனே. நல்ல மனுஷனுக்கும் வரும். முதலில், "அரிசி கீதா?" என்று கேட்பார். பிறகு, "போன வாரம் வாங்கின அரிசி இன்னா ஆச்சு?" என்று கேட்டார். பிறகு, அவள் அண்ணன் பெண்ணுக்கு வளையல் வாங்கிக் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனால் வெளியில் ஊரே புகழ்கிற புருஷனைப் போய் என்னவென்று கேட்பது?

ஒரு சனிக்கிழமை பாக்கியமே நம் வீட்டுக்கு வந்திருந்தாள். கட்டையை ஊன்றிக்கொண்டு படியேறி உட்கார்ந்தாள். அந்த வாரம் டென்ட் கொட்டகையில் அவளும் ஸ்டெல்லாவும் படம் பார்த்துவிட்டு வெளியே வந்ததை உன் நைனா பார்த்திருக்கிறார். காசை எடுத்து நீட்டும்போது, "சினிமாவுக்குத் துட்டு கீதா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நீயும் அங்கேதான் மூலையில் படித்துக்கொண்டிருந்தாய், உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. பாக்கியம் அந்தக் காசைப் பார்த்தாள். அப்புறம் நிதானமாக, "அண்ணே, என் கால எட்துகினே. சரி. என் கண்ணயும் சேத்தா எட்துகினே?" என்றாள். உன் நைனாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அவள் காசை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்வாள்? அன்றைக்கு உன் நைனா என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "நன்றி இல்லாத பொம்பள." நன்றியா? தெருவில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவளின் காலை உடைத்துவிட்டு நன்றியா எதிர்பார்ப்பது? எனக்கு அன்றைக்கு வந்த எரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. அவரும் வாரா வாரம் தன் வேர்வையைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படிக் கொடுக்கிறவனுக்கு, வாங்குகிறவள் சிரிப்பதுகூட உறுத்தும்.

பிறகு அவருக்கு இடுப்பு போயிற்று. அது உனக்குத் தெரியும். பாரம் தூக்குகிற வேலையில் இடுப்பு போனால் என்ன மிச்சம்? ஆட்கள் ஒவ்வொருவராக வேறு மேஸ்திரியிடம் போனார்கள். வேலை வந்த வாரம் உண்டு, வராத வாரம் உண்டு. உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை எண்ணும் வேலைக்கு விட்டதும் அப்போதுதான். நீ அதற்காக ஒரு நாளும் எங்களைக் குறை சொன்னதில்லை. நீ சொல்லாததால் நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நம் வீட்டிலேயே இந்தக் கதி என்றால் பாக்கியத்தின் வீட்டில் என்ன கதி? உன் நைனா சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று வெட்கம். அவர் போகாததால் அவள் வந்தாள்.

ஒரு நாள் மத்தியானம். தெருமுனையில் கட்டை தட்டித் தட்டி வருகிற சத்தம் கேட்டதும் உன் நைனா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, "இல்லன்னு சொல்லு" என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் குழந்தையின் தலையில் கை வைத்த அதே மனுஷன், துணி காயப் போடுகிற இடத்தில் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். பாக்கியம் வாசலில் நின்று, "அண்ணன் கீதா அக்கா?" என்று கேட்டாள். நான், "வூட்ல இல்லியே, காலைலயே போய்ட்டாரு" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, பின்கட்டில் இருமல். பீடி இருமல், உனக்குத் தெரியுமே, ஆரம்பித்தால் அடக்க முடியாது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு இருமுகிற சத்தம். பாக்கியம் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் அந்த இருமல் நிற்கும் வரைக்கும் அப்படியே நின்றோம். "சரிக்கா. வந்தா நா வந்துட்டுப் போனேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். அந்த வெயிலில், அந்தக் கட்டையோடு. அதற்குப் பிறகு அவள் நம் வீட்டுக்கு வரவே இல்லை. நீ சொல்லும் பத்து வருஷத்தில் பாதிகூட ஆகவில்லை அப்போது.

இந்த இடத்தை எழுதிவிட்டு உன் நைனாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒளித்து வைத்து எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. அவர் பீடியை அணைத்தார். பிறகு, "இருமினது அதுக்குக் கேட்டுச்சா?" என்றார். இத்தனை வருஷமாக அது தெரியாமலே இருந்திருக்கிறார். "கேட்டுச்சு" என்றேன். "அப்ப ஏன் நீ அன்னிக்கே சொல்லல?" என்றார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி தெருவுக்குப் போய்விட்டார். போகிறபோது, "எயுது. அல்லாத்தயும் எயுது" என்றார். அதனால் மேலே எழுதுகிறேன்.

லாரி காசிம் பாயை உனக்குத் தெரியும். உன் நைனாவின் தோஸ்து, தண்டையார்பேட்டைக்காரர். லாரிக்காரர்கள் எல்லோரும் மூன்றாம் பேருக்கான இன்ஷூரன்ஸ் கட்டியே தீர வேண்டும் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்தபோது அவர் திட்டாத திட்டு இல்லை. "என் லாரி, என் டிரைவர், எவனோ ஒருத்தனுக்கு நா துட்டு கட்டணுமா?" என்று நம் வீட்டு வாசலில் நின்று கத்தினார். பிறகு கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அவர் லாரி ஒரு சைக்கிள்காரரை அடித்துத் தள்ளிவிட்டது. அந்த மனுஷருக்கு ஒரு கை போயிற்று. கம்பெனி உடனே கொடுத்துவிட்டதா என்றால் இல்லை. அந்தச் சீட்டு இந்தச் சீட்டு என்று அலைய விட்டார்கள், வக்கீல் வைத்துச் சண்டை போட்டார்கள். ஆனால் கடைசியில் மொத்தமாக வந்தது. அவர் அதை வைத்து ஒரு வெற்றிலை பாக்குக் கடை போட்டார். இப்போது காசிம் பாய் அந்தக் கடையில்தான் சுண்ணாம்பு காரமாக இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டு வெற்றிலை வாங்குகிறார். கடைக்காரரும் பதிலுக்குத் திட்டுகிறார். யாரும் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. யாரும் யாரையும் கண்டு பின்கட்டில் ஒளிய வேண்டியதில்லை. லாரிக்கு ஒரு சட்டம் போட்ட சர்க்கார் உன்னைப் போன்றவனுக்குப் போடவில்லை. அதனால் உனக்கு அது தேவையில்லை என்று ஆகிவிடுமா? இரும்புச் சக்கரத்துக்கு அது லாரியின் சக்கரமா என்ஜினின் சக்கரமா என்று தெரியுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் செல்லையா சொன்னதை அப்படியே நம்பிவிட்டவள் இல்லை. நீ போன மறுநாள் அவரைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். மேஸ்திரி குடித்திருந்தால் கம்பெனி கொடுக்காது என்றார். பணம் கட்டத் தவறினால் கொடுக்காது என்றார். "சங்கிலி உள்ள துரு புடிச்சிருந்தா யார் தப்பு?" என்று கேட்டேன். அந்த மனுஷர் பொய் சொல்லவில்லை. "அம்மா, கோர்ட்டு மேஸ்திரி கொடுக்கணும்னு சொன்னா கம்பெனி கொடுக்கும். மேஸ்திரி மேல தப்பே இல்லன்னு கோர்ட்டு சொல்லிட்டா, கம்பெனியும் கையை விரிச்சுடும்" என்றார். ஆகையால் எல்லாக் கஷ்டத்துக்கும் இதுதான் மருந்து என்று நான் உன்னிடம் சொல்லவில்லை. அதில் ஓட்டை இருக்கிறது, எனக்கும் தெரிகிறது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ எதைக் கேட்டு, "பேஜாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாய்? வருஷத்துக்கு ஒரு தடவை சங்கிலியையும் கொக்கியையும் பட்டறையில் கொடுத்து, பாரம் தொங்கவிட்டுச் சோதித்துச் சீட்டு வாங்கி வர வேண்டும், இல்லாவிட்டால் பாலிசி கிடையாது என்றாரே, அதைக் கேட்டு. அந்தப் பேஜாரை உன் நைனா ஒரு தடவை பட்டிருந்தால் அந்த வளையம் பட்டறையிலேயே விட்டிருக்கும். பாக்கியம் கூடையோடு வீட்டுக்குப் போயிருப்பாள்.

நீ நல்லவன். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. யாருக்காவது அடிபட்டால் நீயும் போய்த் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வாய். அதை நினைத்துத்தான் எனக்கு ஆத்திரமே. நீ கொடுக்கப் போகும் அந்த வாக்கை யார் காப்பாற்றுவது? உனக்குக் காய்ச்சல் வந்தால், வேலை வராவிட்டால், உன் இடுப்பும் போனால்? உன் பெண்டாட்டி வாசலில் நின்று இல்லை என்று சொல்ல வேண்டும். அவள் என்னைவிட மெல்லிய மனசுக்காரி, அவளுக்குப் பொய் வராது. நீ பணத்தை மிச்சம் பிடிக்கிறாய் என்றா நினைக்கிறாய்? அந்தப் பாரத்தை அவள் தலையிலும், முகம் தெரியாத இன்னொருத்தி தலையிலும் தூக்கி வைக்கிறாய். பாரம் இறக்குகிற தொழில்காரனுக்கு இதுகூடவா புரியவில்லை?

செவ்வாய்க்கிழமை நான் பாக்கியத்தைப் பார்க்கப் போனேன். இத்தனை வருஷத்தில் எங்கேயாவது வழியில் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுவதோடு சரி. அவள் குடிசைக்கு நான் போகவே இல்லை, போக முகம் இல்லை. கருவாடு காய வைத்த பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து காக்காய் விரட்டிக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள், நான் தோளை அழுத்தி உட்கார வைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் நைனா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். இடுப்புக்கு ஒத்தடம் கொடு என்று சொல்லிக்கொடுத்தாள். நீ கல்யாணம் செய்துகொண்டது, சொந்தமாகத் தொழில் ஆரம்பிப்பது, ஏஜெண்டு வந்தது, நீ சிரித்தது எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, மனசில் இருந்ததைக் கேட்டே விட்டேன். "பாக்கியம், அப்பவே ஒரு கம்பெனி உனக்குத் துட்டு குடுத்திருந்தா?"

குச்சியை வீசி ஒரு காக்காயை விரட்டினாள். "கம்பெனி துட்டா இருந்தா நா சண்ட போட்டு வாங்கி இருப்பேன்க்கா" என்றாள். "பத்தலன்னா கத்தி இருப்பேன். மண்ணள்ளித் தூத்தி இருப்பேன். உங்க வூட்டுத் துட்டுல நா எப்டி சண்ட போடறது? நீ உன் கைய சுட்டுகினு ஆக்கின சோத்துல பாதிய அண்ணன் எட்துகினு வர்றாரு. வாங்காமயும் இருக்க முடில, வாங்கித் திங்கவும் முடில. அன்னிக்கு அண்ணன் உள்ள இருமிச்சே, அப்ப எனக்கு இன்னா தோணுச்சு தெரியுமா? பாவம், என்னால இந்த மனுசன் வூட்டுக்குள்ளயே திருடன் கணக்கா நிக்கிதேன்னு தோணுச்சு. காலு போனது எனக்கு, பாவம் பாக்கறதும் நானு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளம்பும்போது ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டையை ஊன்றி எழுந்து குடிசை வாசல் வரைக்கும் வந்தவள், "தம்பி எந்தப் பக்கம் வேல எட்துகீது?" என்று கேட்டாள். திருவொற்றியூரில் ஒரு கம்பெனிக்கு, பெரிய இயந்திரம், அடுத்த வாரம் என்றேன். "திருவொத்தியூர்ல எந்தத் தெரு?" என்றாள். ஏன் என்றேன். "நா ஒக்காந்துட்டேன் இல்ல, ஸ்டெல்லாதான் இப்ப மீன் கூடய தூக்குது. தெனம் அங்க கம்பெனிங்க கீற தெருங்க அல்லாம் சுத்தும். அந்தத் தெருவ வுட்டுட்டு வேற வழியா போவச் சொல்றேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது, குடை எடுத்துப் போ என்று பெண்ணுக்குச் சொல்கிற குரலில் சொன்னாள்.

எனக்குத் தெருவின் பேர் தெரியவில்லை. மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். செல்லையாவைப் போய்ப் பார்த்துப் பணத்தைக் கட்டுவாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம், நீ வளர்ந்த ஆம்பிளை. ஆனால் ஒரு பெண்பிள்ளை வழியை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு கார்டில் எழுதிப் போடு, நான் கொண்டுபோய் அவளிடம் சொல்ல வேண்டும். எந்தத் தெரு?

உன் அம்மா